கறையான் வளர்க்கும் காளான்

ஐரோப்பியச் சமையலில் கோடைக்கால டிரஃபிளுக்குத் தனி மரியாதை உண்டு. ஓக், ஹேசல் மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்குள் விளையும் காளான் அது. நாய்களை மோப்பம் பிடிக்க விட்டுத் தோண்டி எடுப்பார்கள். அதிகம் சூடு பட்டால் மணம் போய்விடும் என்பதால், முட்டை மேலும் வெண்ணெயில் புரட்டிய பாஸ்தா மேலும் பச்சையாகவே மெல்லச் சீவிப் போடுவார்கள். ஜொகூர் மண்ணில் நமக்கு வாய்த்தது வேறு. குளுவாங், சிகாமட், கூலாய் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மழைக்குப் பிறகு தலைகாட்டும் புற்றுக்காளான், சுவையில் எதற்கும் இளைத்ததல்ல. மலாய்க்காரர்கள் இதைச் செண்டாவான் பூசுட் என்பார்கள்.

டிரஃபிளுக்கு மரத்தின் வேர் எப்படியோ, இதற்குக் கறையான் அப்படி. கறையான்கள் காய்ந்த இலையையும் பட்ட மரத்தையும் தின்று, பாதி செரித்த எச்சத்தைப் புற்றுக்குள் தேனடை போல அடுக்கி வைக்கின்றன. அந்த அடையில் பரவும் பூஞ்சணம், கறையானால் செரிக்க முடியாத மரநாரைச் சிதைத்துக் கொடுக்கிறது. அதில் முளைக்கும் சிறு வெள்ளை உருண்டைகளும் பதமான பழைய அடையும் கறையானுக்கு உணவு. இந்தக் கூட்டுவாழ்க்கை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இக்காளான்களுக்கு 1942-இல் டெர்மிட்டோமைசஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே எயிம். சாம்பியாவில் விளையும் ஒரு வகையின் குடை 1 மீட்டர் அகலம்வரை விரியும்!

ஓக் கன்றின் வேரில் பூஞ்சணத்தை ஏற்றி டிரஃபிள் தோப்பே போடக் கற்றுவிட்டார்கள். புற்றுக்காளானையோ கொட்டகையில் வைத்து வணிக அளவில் விளைவிக்க இன்னும் வழி பிறக்கவில்லை. கறையான் மனம் வைத்தால்தான் உண்டு.

பறிப்பதில் கவனம் வேண்டும். புற்றுக்காளானின் குடை நடுவில், மண்ணைத் துளைத்து வந்த கூர்முனை இருக்கும். பெரிய வகைகளில் காம்பு வேர் போல ஆழமாக அடைவரை இறங்கும். புல்வெளிகளில் முளைக்கும் ஒரு நச்சுக்காளானும் வெள்ளையாக, பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அதன் குடையில் பழுப்புச் செதில்களும் காம்பில் வளையமும் உண்டு. முற்றினால் குடையின் அடிமடிப்புகள் பச்சை பாரிக்கும். பூண்டு போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் தெரியும், பூச்சி தின்றால் நல்ல காளான் என்பதெல்லாம் உயிரோடு விளையாடுவது. பழகிய கண் பார்த்துச் சொல்லாமல் அடுப்பில் ஏற்றக்கூடாது. களைக்கொல்லி அடித்த இடத்துக் காளானும் வேண்டாம்.

டிரஃபிளைப் போல இதைப் பச்சையாகத் தின்னக்கூடாது, நன்றாக வேகவேண்டும். பறித்த அன்றே சமைப்பது உத்தமம். மண் போகக் கழுவி, கையால் கிழித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிட்டிகை மஞ்சளோடு பிரட்டினால் தானே நீர் விடும். அந்த நீர் வற்றியதும் மிளகைத் தட்டிப் போட்டு இறக்கலாம். மலாய் வீடுகளில் தேங்காய்ப்பாலும் சிலி பாடியும் சேர்த்து மஞ்சள் குழம்பாக வைப்பார்கள், அதுவும் அருமை. கறி மசாலாவைக் கொட்டினால் மசாலாவைத்தான் சாப்பிடுவோம்.

ஒரு வேண்டுகோள். காம்பை மெல்ல ஆட்டி எடுங்கள், புற்றை வெட்டிக் கிளறாதீர்கள். அடை கெடாமல் கறையான் பிழைத்திருந்தால், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் காளான் பூக்கும்.