விளக்கு எரிந்தால் போதுமா?

வானொலி நிலையத்தில் ஒலிபரப்பு அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால், யாரும் கதவைத் தட்டமாட்டோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். இயந்திரத்தின் தலைமேல் நிற்கும் அடுக்கு விளக்கைத் தூரத்திலிருந்து பார்த்தே நிலவரம் சொல்வார்கள். பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் கோளாறு.

அதே நாம் வீட்டுக்கு வந்ததும், குளியலறை வாட்டர் ஹீட்டர் சுவிட்சில் எரியும் சிவப்புப் பொட்டைப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த விளக்கு சொல்வது அது இல்லை. சுவிட்ச் வரை மின்சாரம் வந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா, ஹீட்டருக்குள் கசிவு உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

விளக்கு அணைந்திருந்தாலும் நம்பக்கூடாது. அந்தச் சின்ன விளக்கு லைவ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகளுக்கும் இடையே எரிகிறது. நியூட்ரல் கம்பி அறுந்துபோனால் விளக்கு அணைந்துவிடும். லைவ் கம்பியில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். "விளக்கு எரியவில்லையே" என்று கை வைத்தால் ஆபத்து.

பெரிய பெரிய நிபுணர்களையே விளக்கு ஏமாற்றியிருக்கிறது. 1979 மார்ச் 28ஆம் தேதி, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கு, "மூடு" என்ற கட்டளை போனதைத்தான் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். 2 மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அணு உலையின் ஒரு பகுதி உருகிப்போனது.

உயிர் காக்கும் பொத்தான்

நம் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகள் எம்.சி.பி. அவை கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. அவற்றைவிட அகலமாக, ‘டெஸ்ட்’ அல்லது ‘டி’ என்ற பொத்தானுடன் இருப்பதுதான் ஆர்.சி.சி.பி. நம்மில் பலர் பழைய பழக்கத்தில் அதை இ.எல்.சி.பி. என்றே சொல்கிறோம்.

அதன் வேலை கணக்குப் பார்ப்பது. லைவ் கம்பியில் போன மின்சாரம் நியூட்ரல் வழியாக முழுமையாகத் திரும்ப வேண்டும். கொஞ்சம் குறைந்தால், அது வேறு வழியாக, ஒருவேளை ஒருவர் உடல் வழியாக, கசிகிறது என்று பொருள். உடனே இணைப்பைத் துண்டிக்கும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று அளவு வைத்திருக்கின்றன. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதைவிட மிகக் குறைந்த மின்சாரமே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால்தான் இவ்வளவு சிறிய அளவு.

ஆனால் ஆர்.சி.சி.பி.யும் இயந்திரம்தான். பல வருடம் அசையாமல் கிடந்தால் உள்ளே இறுகிப்போகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. வீட்டில் விளக்கும் மின்விசிறியும் வழக்கம்போல் இயங்கும். அதனால்தான் மாதம் ஒரு முறை ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். முதலில் கணினியை அணைத்துவிடுங்கள். அழுத்தியதும் ‘டக்’ என்று விழுந்தால் நல்லது. மீண்டும் மேலே தள்ளிவிடலாம். விழவில்லை என்றால், அது மாற்றப்படும் வரை ஹீட்டரைத் தொடாதீர்கள். பல வாட்டர் ஹீட்டர்களிலும் இதேபோல் ஒரு பொத்தான் உண்டு, அதையும் சோதியுங்கள்.

இந்தப் பொத்தான்கூட எர்த் கம்பியைச் சோதிப்பதில்லை. அதைக் கருவி வைத்து அளக்க வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை அழையுங்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறதா?

இடி மின்னல் நேரத்தில் எப்போதாவது விழுவது உண்டு. அடிக்கடி விழுந்தால், எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை மேலே தள்ளி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்த இணைப்பில்தான் சிக்கல். அதை இறக்கியே வைத்துவிட்டு வயர்மேனை வரச் சொல்லுங்கள். "தொல்லையாக இருக்கிறது" என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேர் இணைப்பு கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் விளக்குகள் எல்லாம் எரியும். குளியலறையில் கசிவு வந்தால் துண்டிக்கத்தான் ஒன்றும் இருக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்து, எந்தச் சுவிட்ச் எதற்கு என்று எழுதி ஒட்டுங்கள். பள்ளி விட்டு வந்து தனியாக இருக்கும் பிள்ளைக்கும், வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிக்கும் மெயின் சுவிட்சைக் காட்டிவையுங்கள்.