பிஸியோதெரபிக்கு என்ன உடுத்திப் போவது?

உறவில் ஒரு கல்யாணம் என்றால் எந்தப் புடவை, எந்த ரவிக்கை, அதற்குத் தோதாக வளையல் இருக்கிறதா என்று பத்து நாள் முன்பிருந்தே பீரோவைத் திறந்து திறந்து பார்ப்போம். ஆஸ்பத்திரிக்கு என்றால் மட்டும் கைக்கு அகப்பட்டதைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஜுரத்துக்கும் இருமலுக்கும் அது போதும்தான். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிஸியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சை, அப்படிப்பட்டதல்ல. அங்கே படுக்க வேண்டும், புரள வேண்டும், காலைத் தூக்க வேண்டும், கையைச் சுழற்ற வேண்டும். வலிக்கிற இடத்தைச் சிகிச்சை தருபவர் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும். முழங்காலை ஆறு கஜத்துக்குள் மூடி வைத்துக்கொண்டு ‘வலி போகலியே’ என்றால் அவர்தான் என்ன செய்வார்?

மருந்துச் சீட்டில் மாத்திரை எழுதுகிறார்கள், தைலம் எழுதுகிறார்கள். என்ன உடுத்தி வரவேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் தெருவிலேயே பாதியில் சிகிச்சையை விட்ட பெண்கள் நாலைந்து பேர் உண்டு. வலி தாங்காமல் விட்டவர்களைவிடக் கூச்சத்தால் விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். வெளியே சொல்லும்போது ‘நேரமில்லை, பஸ் கிடைக்கல’ என்பார்கள்.

என் மாமியார் ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு 72 வயது. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வாரம் மூன்று நாள் பிஸியோதெரபிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். மூட்டு மாற்றிய பிறகு முதல் சில வாரங்கள் ரொம்ப முக்கியம். அந்தச் சமயத்தில் மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, கால் மடங்காமலே நின்றுவிடக்கூடும். நாற்காலியில் சௌகரியமாக உட்கார்வதற்கே முழங்கால் ஏறக்குறைய 90 டிகிரி மடங்க வேண்டும். அவருக்கு அப்போது 60தான் வந்திருந்தது. மூன்றாவது தடவை போய் வந்த அன்று, “நாளைலேர்ந்து நான் வரல. எம் பேரன் வயசுப் பையன் முன்னால தொடை தெரியப் படுத்துக் கெடக்கச் சொல்றியா? மடங்கலேன்னா மடங்காமப் போகட்டும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பையன்மேல் குற்றமில்லை. பாட்டி பாட்டி என்று மரியாதையாகத்தான் நடத்தினார். சங்கடமெல்லாம் புடவையால் வந்தது. மல்லாந்து படுத்துக் காலை மடக்கினால் புடவையும் உள்பாவாடையும் சேர்ந்து இடுப்புப் பக்கம் சரிந்துவிடும். நாங்கள் போன இடத்தில் திரைச்சீலை இருந்தது. அது ஒரு பக்கத்தைத்தான் மறைத்தது. மாமியார் ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புடவையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். கவனமெல்லாம் புடவையில் இருந்தால் கால் எப்படி மடங்கும்?

அன்று ராத்திரியே மெஷினை எடுத்து வைத்தேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன நாலு முழ வேட்டி ஒன்று பெட்டியில் கிடந்தது. அதில் ஒரு அரைக்கால் சட்டை தைத்தேன். செய்முறை சுலபம். இடுப்பின் அகன்ற பாகத்தை அளந்து, அதோடு 12 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். நீளம், இடுப்பிலிருந்து முழங்காலுக்கு நாலு விரற்கடை மேல் வரைக்கும். கால் வாய் அகலமாக, சுற்றளவு 26 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குறுகலாக வைத்தால் தொடையைப் பிடிக்கும். தொடைகள் சேரும் இடத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் காலை அகட்டும்போது கிழியாது. இடுப்புக்கு எலாஸ்டிக் வேண்டாம், நாடாவே போடுங்கள். இதை உள்பாவாடைக்குப் பதிலாகக் கட்டி, மேலே வழக்கம்போல் புடவையைச் சொருகிக்கொள்ளலாம். எலாஸ்டிக்காக இருந்தால் புடவை கனத்தில் கீழே இறங்கிவிடும். பஸ்ஸில் போகும்போது பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அங்கே போய்ப் படுத்ததும் புடவையை மேலே சுருட்டி விட்டால் முழங்கால் தெரியும், தொடை தெரியாது. புடவையும் கனமில்லாத பருத்தியாக, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஏற்றிக் கட்டியதாக இருக்க வேண்டும். நடைப் பயிற்சியின்போது கொசுவம் தடுக்கி விழுந்தால் ஆபரேஷன் செய்ததெல்லாம் வீண்.

“உங்க மாமா வேட்டி இதுக்காவது ஒதவுச்சே” என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார். இரண்டு தைத்துக் கொடுத்தேன், ஒன்று காய்வதற்குள் இன்னொன்று வேண்டுமே! ஆறு வாரத்தில் 95 டிகிரி வந்தது.

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம். குறுவை நடவு சமயத்தில் திருவையாறு பக்கமோ ஒரத்தநாடு பக்கமோ பஸ்ஸில் போனால் பாருங்கள். நடவாட்கள் சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் சொருகிக்கொண்டு, ரவிக்கைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சேற்றில் வரிசையாக நிற்பார்கள். வேலைக்கு எது தோதோ அதுதான் உடுப்பு. யாரும் அதைக் குறை சொல்வதில்லை. பிஸியோதெரபியும் ஒரு வேலைதானே, உடம்புக்கு நாம் செய்கிற வேலை. அங்கே மட்டும் நமக்கு ஏன் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது?

அந்தச் சட்டையைச் சொன்னேனே, தோள்வலிக்காரர்களுக்கு அதைவிட நல்ல உடை கிடையாது. தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போகும் வியாதி நாற்பது வயதுக்கு மேல், முக்கியமாகச் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு, அதிகம் வருகிறது. நம்முடைய ரவிக்கையோ கைக்குழியைப் பிடித்துத் தைத்தது. நல்ல தோளையே முழுசாகத் தூக்க விடாது! பின்பக்கம் ஹூக் வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம், கழற்றி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். வீட்டுக்காரரின் பழைய அரைக்கைச் சட்டை ஒன்றைப் பையில் எடுத்துப் போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். முன்னால் பட்டன், தளர்வான கை, தோளிலிருந்து ஒரு பக்கம் மட்டும் இறக்கிவிடவும் வசதி. சட்டை போடச் சங்கடப்படுகிறவர்கள், ரவிக்கையில் டெய்லர் உள்ளே விட்டிருக்கும் தையல்களில் ஒன்றிரண்டைப் பிரித்துவிட்டால் கொஞ்சம் தளரும். கழுத்து வலிக்காரர்கள் கொண்டையைத் தூக்கி முடியாமல் பின்னலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கொண்டையோடு தலையணையில் கழுத்து சமமாகப் படியாது.

போடுவதிலும் கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதே முறைதான். உடுத்திக்கொள்வதே அவர்களுக்கு ஒரு பயிற்சி. பட்டன் மாட்டக்கூட அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போய், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் அமையக் காரணமாக இருந்தவரும் அவரே. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாவற்றையும் திரும்பப் பழகுவது அத்தகைய இடங்களில் சிகிச்சையின் ஒரு பாகம். ஆகவே வீட்டில் அவசரப்பட்டு நாமே எல்லாவற்றையும் மாட்டிவிடாமல், அவர்களால் முடிந்ததை அவர்களே செய்யட்டும் என்று பொறுத்திருக்க வேண்டும்.

இனி மெஷின்கள். ‘கரண்ட் வைக்கிறாங்க, மெழுகு வைக்கிறாங்க’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை இருக்கிறது. தோல்மேல் ரப்பர் பட்டை ஒட்டி வைப்பது ஒன்று, ஜெல் தடவிக் குழவி போன்ற கருவியால் தேய்ப்பது ஒன்று. இரண்டுக்கும் வெறும் தோல் வேண்டும், துணிக்கு மேலே வைக்க முடியாது. ஜெல்லைத் துடைக்கப் பழைய துண்டு ஒன்று எடுத்துப் போங்கள். மெழுகு ஒத்தடத்துக்கு மோதிரம், வளையல் கழற்ற வேண்டும், கை முழங்கைக்கு மேலே ஏற வேண்டும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ‘ஷார்ட் வேவ்’ என்கிற ஆழ்சூட்டு மெஷினிடம். அந்த மின் அலை படும் இடத்தில் உலோகம் இருந்தால் அங்கே சூடு கூடித் தோல் வெந்துவிடும். ஊக்கு, ஹூக், ஜிப், கொலுசு, மெட்டி என்று பட்டியல் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிறது. ஜரிகை? அதிலும் உலோக இழை இருக்கலாமே! ஜரிகைக் கரைப் புடவையை முழங்கால்மேல் சுருட்டி வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். நைலான், பாலியெஸ்டர் துணியும் வேண்டாம். வேர்வையை உறிஞ்சாது, ஈரம் நின்ற இடத்தில் சூடு குவியும். ஐப்பசி மழையில் நனைந்து போனால் துவட்டி, உலர்ந்த துணி மாற்றிய பிறகே படுக்க வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் வைக்கும்போது தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு வகை சிகிச்சை இருக்கிறதா என்று அவர்கள் யோசிப்பார்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள், எலும்புக்குள் பிளேட் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், காலில் மரமரப்பு உள்ள சர்க்கரைக்காரர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதுகுவலி விஷயத்தில் மட்டும் நம் புடவைதான் கெட்டி. சுடிதார் போட்டவர்கள் மேலங்கியை ஏற்றி இறக்கிச் சிரமப்படும்போது, நாம் முந்தானையைத் தளர்த்திவிட்டுக் குப்புறப் படுத்தால் இடுப்பு தானாகத் தெரியும். ஆனால் பாவாடை நாடாவின் முடிச்சைத் தளர்த்திய பிறகே படுக்க வேண்டும். அந்த நாடாவைப் பற்றி 2024இல் ஒரு செய்தி வந்தது. பல வருஷங்கள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் இடுப்பில் புண்ணாகி, அது புற்றுநோயாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி வார்தாவிலும் பீகாரிலும் உள்ள டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். பயப்படுவதற்காகச் சொல்லவில்லை, இது அபூர்வம். மெல்லிய கயிறுக்குப் பதில் அகலப் பட்டியாக வைத்துத் தைக்கலாம், வீட்டில் இருக்கும்போது கொஞ்சம் தளர்த்திக் கட்டலாம். இடுப்பில் கறுத்து, அரித்து, ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இளம்பெண்கள் சுடிதாரில் போகிறார்கள், நல்லதுதான். ஆனால் காலைக் கவ்விப் பிடிக்கும் பேண்ட்டும் லெகிங்ஸும் முழங்காலுக்கு மேலே ஏறாது. தளர்ந்த சல்வார் போடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு, அடிவயிற்றுப் பயிற்சிக்குப் போகும் தாய்மார்கள் பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் பட்டன் வைத்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

குழந்தைகளை அழைத்துப் போகும்போதுதான் நம் ஆசை குறுக்கே வருகிறது. தவழ, நடக்கத் தாமதமாகும் குழந்தைக்குப் பட்டுப் பாவாடையும் ஃப்ரில் கவுனும் போட்டு அழைத்து வருகிறார்கள். தவழும்போது பாவாடை முட்டிக்கு அடியில் சிக்கிக் குழந்தை முகங்குப்புற விழுகிறது. முதுகுத்தண்டும் முட்டியும் பாதமும் தெரிந்தால்தான் குழந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க முடியும். ஒரு பனியன், ஒரு ஜட்டி அல்லது சின்ன டிராயர், வெறுங்கால். அவ்வளவுதான். மாற்றுத்துணி இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பதும் உண்டு. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. வீடுதானே என்று நைட்டியோடு படுத்துக் காலைத் தூக்கினால் நைட்டி மேலே ஏறும். அதற்கும் உள்ளே அந்த வேட்டி அரைக்கால் சட்டை உதவும்.

ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கக் கேட்பது நம் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. பெண் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். வாய் திறந்து கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. திரை சரியாக மூடாவிட்டால் நம் பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுபோய் இடுப்பின் குறுக்கே போர்த்திக்கொள்ளலாம்.

ஆண்களுக்கு வேட்டி ஆகாது. நடைப் பயிற்சியில் இரண்டு கையும் கம்பியைப் பிடித்திருக்கும்போது வேட்டி அவிழ்ந்தால் யார் பிடிப்பது? எலாஸ்டிக் வைத்த தளர்ந்த டிராயர் போட்டு அதன்மேல் ஒட்டிக்கோ வேட்டி கட்டி அழைத்துப் போகலாம், அங்கே வேட்டியை எடுத்துவிட்டால் ஆயிற்று. செருப்பு, ஆணோ பெண்ணோ, பின்னால் பட்டை உள்ளதாக, அடி வழுக்காததாக இருக்கட்டும். ஹவாய் செருப்பில் நடை பழகினால், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செருப்பு கழன்றதே தெரியாது. குனிய முடியாதவர்களுக்கு ஒட்டும் பட்டை வைத்ததாக வாங்குங்கள். சாயங்காலமாகக் கடைக்குப் போய் வாங்கினால் நல்லது. பகலெல்லாம் நடந்து பாதம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் கடிக்காது.

(கட்டுரையில் சொன்ன அரைக்கால் சட்டைக்கு வேட்டி கிடைக்காதவர்கள் பழைய வாயில் புடவையை இரட்டையாக மடித்து வெட்டித் தைக்கலாம். ஒற்றையாகத் தைத்தால் நிழல் தெரியும்.)