நாள் கடந்தபின் உள்ள வழிகள்



மலேசியாவின் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மானியக் கட்டணத்தில் பயில, யூ.பி.யூ. வழியாக உரிய நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்நாள் கடந்ததும், பெற்றோர் பலர் வேறு வழியில்லை என்றெண்ணிக் கடன்பட்டுத் தனியார் கல்லூரியை நாடுகின்றனர். மாணவர்களின் மனுக்களுக்கு உதவி வருபவன் என்ற முறையில் சிலவற்றை இங்கு விளக்க விரும்புகிறேன்.

மனுச் செய்தும் இடம் கிடைக்காதவர் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான அவகாசம் சில நாட்களே. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. ஆகவே சான்றிதழ்களை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

மனுவே செய்யாத எஸ்.பி.எம். மாணவர் அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் பயிலலாம். ஒன்றரை ஆண்டில் மூன்று தவணைகள், செலவும் குறைவு. எஸ்.டி.பி.எம். தேறியபின் மீண்டும் யூ.பி.யூ.வில் மனுச் செய்யலாம்.

மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற சிலவற்றில் தனி வழிச் சேர்க்கையும் உண்டு. அதற்கு மானியம் இல்லாததால் கட்டணம் மிக அதிகம். ஒப்புக்கொள்ளுமுன் மொத்தச் செலவையும் கணக்கிடுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.டி.பி.டி.என். கடனின் பெரும்பகுதி பதிவுக்குப் பின்னரே கைக்கு வரும். பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் இன்றிக் கிடைத்த இடத்தை ஒரு பிள்ளை இழக்கலாகாது. முடிவு வெளியாகும் வாரத்தில் ஆலய மண்டபத்தில் ஒரு கணினியும், விவரமறிந்த ஒருவரும், சிறு உடனடி நிதியும் இருந்தால் போதும். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுக் கடன் தவிர்க்கப்படும்.

திருவருள் துணைநிற்க.