தூங்கும் லேப்டாப்பை எழுப்புவோம்!

தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர்... எத்தனையோ வீடுகளில் ஒரு பழைய லேப்டாப் பீரோ மேல் தூங்குகிறது. பிளஸ்-2 படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்தது அது. அந்தத் திட்டம் தொடங்கிய ஆண்டு 2011.

"இனி இது எதற்கு? எடைக்குப் போடு" என்கிறார் அப்பா. தங்கையோ இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். புதிது வாங்கப் பணம் எங்கே?

பொறுங்கள்! பல லேப்டாப்புகளில் கருவி கெடவில்லை. உள்ளே இருக்கும் இயங்குதளம்தான் பழசாகிவிட்டது.

மேஸ்திரி யார்?

இயங்குதளம் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேஸ்திரி. எல்லா உறுப்புகளையும் வேலை வாங்குவது அதுதான். நமக்குத் தெரிந்த மேஸ்திரி விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11-ஐப் பல பழைய கருவிகள் ஏற்பதில்லை.

வேறு மேஸ்திரி உண்டா? உண்டு. பெயர் லினக்ஸ்!

திராட்சைக் குச்சி

1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். செய்முறையை மூடி மறைக்கவில்லை, ஊருக்கே கொடுத்தார். கம்பத்து விவசாயி பக்கத்துத் தோட்டத்துக்குத் திராட்சைக் குச்சி கொடுப்பது போல! கொடுத்தவருக்குக் குறைவில்லை. வாங்கியவர் நட்டு வளர்க்கிறார். அப்படி வளர்ந்த வகைகள் பல.

எதை எடுப்பது?

விண்டோசில் பழகியவர்களுக்கு "லினக்ஸ் மின்ட்" எளிது. பார்வைக்கும் அதே மாதிரி இருக்கும். நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் நல்லது. அதற்கும் குறைவா? "லுபுண்டு" போன்ற எடை குறைந்த வகை போதும். கொஞ்சம் புதிய கருவிக்கு "உபுண்டு" பொருந்தும்.

நம் நாட்டுத் தயாரிப்பும் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" 2007-ல் வெளிவந்தது. அதில் தமிழும் உண்டு.

கடிதம் எழுத, கணக்குப் போட "லிபர் ஆபீஸ்" இருக்கிறது. அதுவும் இலவசம்.

முதலில் ருசி பாருங்கள்

உடனே மாற்றிவிட வேண்டாம். லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். "பதிக்கவா?" என்று கேட்கும் இடத்தைத் தொடாதவரை லேப்டாப்பில் உள்ளது அப்படியே இருக்கும். வைபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். பிடித்தால் நிலையாகப் பதியுங்கள்.

மூன்று எச்சரிக்கை

1. பதிக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகலாம். கல்யாணப் படங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் முன்பே வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

2. விண்டோசுக்கென்றே எழுதிய கணக்கு புரோகிராம்கள் இதில் நேராக ஓடாது. போடியில் ஏலக்காய்க் கடைக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள்!

3. மின்ட், உபுண்டு எதற்கும் விலை கிடையாது. கடைக்காரருக்குக் கொடுப்பது பதிக்கும் கூலி மட்டுமே. கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? பீரோ மேல் இருப்பதை இறக்கித் தூசி தட்டுங்கள். தங்கையின் படிப்புக்கு அது உதவட்டும்!