நன்றிக்கு ஒரு முகவரி வேண்டும்

ஆடி பதினெட்டு அன்று விடிவதற்கு முன்பே கொடுமுடிப் படித்துறை நிறைந்துவிடும். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வேனிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். காவிரியில் முழுகி எழுந்து முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பார்கள். காதோலை கருகமணி, மஞ்சள், பூ, பழம் வைத்துக் காவிரித்தாயைக் கும்பிடுவார்கள். முளைப்பாரியை ஆற்றில் விடுவார்கள். பிறகு மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் வன்னிமரத்தடிப் பிரம்மாவையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்புவார்கள்.

கொங்கு நாட்டில் இது ஆடி நோம்பி. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து காவிரியில் புதுவெள்ளம் வரும் காலம். விதைப்பு இனிமேல்தான், விளைச்சலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கைக்கு எதுவும் வந்து சேராத நேரத்தில், தண்ணீர் வந்ததற்கே நன்றி சொல்கிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக நன்றியுணர்வைப் பற்றிக் கண்டறிந்தவற்றைப் படித்தால், இந்த வழக்கத்தின் அருமை இன்னும் நன்றாகப் புரிகிறது.

பழகினால்தான் வரும்

குழாயில் தினமும் வரும் தண்ணீரை நாம் கவனிப்பதில்லை. ஒருநாள் வராவிட்டால் வீடு முழுக்க அதே பேச்சு. நல்லதைவிடக் கெட்டது மனத்தில் அழுத்தமாகப் பதிகிறது. தொடர்ந்து கிடைக்கும் நன்மையோ பழகிப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் ஆகிவிடுகிறது. ஆகவே நன்றியுணர்வு தானாக ஊறி வரட்டும் என்று காத்திருந்தால் பயனில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்குப் பலன் உண்டா என்பதை 2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வாரம் ஒருமுறை, பத்து வாரங்களுக்கு, ஒரு குழு நன்றிக்குரிய ஐந்து விஷயங்களை எழுதியது; இன்னொரு குழு எரிச்சலூட்டிய ஐந்தை எழுதியது; மூன்றாவது குழு நடந்த நிகழ்ச்சிகளை மட்டும் எழுதியது. முடிவில் முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு பேசினார்கள். உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். உடற்பயிற்சியும் அதிகம் செய்திருந்தார்கள்.

உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அளவுக்கு மீறினால் நன்றியும் சடங்காகத் தேய்ந்துவிடுகிறது போலும். ஆடியில் ஒரு நோம்பி, தைப்பொங்கலில் மாடுகளுக்கு ஒரு நாள், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தத்தைக் காவடியில் சுமந்து பழநிக்கு ஒரு நடை என்று இடைவெளி விட்டு அமைந்த நம் ஆண்டுச் சுழற்சியில், ஒவ்வொரு முறையும் நன்றி புதிதாக இருக்க இடமிருக்கிறது.

2024இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சராசரி வயது 79 உள்ள 49,275 பெண்களின் தரவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நன்றியுணர்வு மிகுந்தவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அபாயம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதற்கு மேல் இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. நன்றிதான் ஆயுளைக் கூட்டியது என்பதற்கு இது நிரூபணம் அல்ல. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த ஒரு மதிப்பீடும், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றிப் பயிற்சியால் கிடைக்கும் நிவாரணம் சிறியதே என்று சொன்னது. மனச்சோர்வில் இருப்பவருக்குத் தேவை மருத்துவர். துயரத்தில் இருப்பவரிடம் 'இருப்பதற்கு நன்றி சொல்' என்று உபதேசிப்பது அன்பாகாது.

யாருக்கு நன்றி?

பலன் சிறியது என்றால் நன்றியை ஏன் இவ்வளவு போற்ற வேண்டும்? அதன் முழுப் பயன் தனி மனிதரின் மனத்துக்குள் முடிவதில்லை என்பதே பதில். சாரா ஆல்கோ என்ற ஆய்வாளர் நன்றியை உறவைக் கட்டும் உணர்ச்சி என்கிறார். நமக்கு நல்லது செய்பவரை அது அடையாளம் காட்டுகிறது, நினைவூட்டுகிறது, அவரோடு பிணைக்கிறது. அப்படியானால் நன்றிக்கு ஒரு முகவரி வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதி மூடிவைத்த நன்றி, உரியவரிடம் போய்ச் சேரவில்லை.

நேரில் சொல்ல நமக்குக் கூச்சம். 2018இல் ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும், தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லிச் சிலரைச் சோதித்தார்கள். பெறுபவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். பெற்றவர்களுக்குச் சங்கடம் குறைவாகவே இருந்தது. எழுதியவர்கள் நினைத்ததைவிட அவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள்.

நன்றிக்கு முகவரி எழுதுவதில் கொங்குநாடு கைதேர்ந்தது. பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் ஆவுடையாபாறை வரை ஓடும் வாய்க்காலை 13ஆம் நூற்றாண்டில் வெட்டியவர் காலிங்கராயன். அந்தத் தண்ணீரில் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளைவிக்கும் உழவர்கள், எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தை மாதத்தில் அவர் பெயரால் நாள் கொண்டாடுகிறார்கள். இப்படி மறவாமல் இருக்கப் பழக்கம் துணை செய்கிறது. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய தலமும் கொடுமுடிதான். மனம் மறந்தாலும் நாவின் பழக்கம் மறக்காது என்பது அதன் சாரம். நினைவைப் பழக்கத்திடம் ஒப்படைத்து வைப்பதுதான் வழிபாட்டின் பெரிய பலம்.

நன்றி செயலாகும்போது

உளவியலாளர்கள் டேவிட் டிஸ்டெனோவும் மோனிகா பார்ட்லெட்டும் 2006இல் வெளியிட்ட சோதனை இது. சலிப்பூட்டும் வேலையை முடிக்கும் தறுவாயில் ஒருவரின் கணினித் திரை அணைந்துவிடும். அருகில் இருப்பவர் அதைச் சரிசெய்து கொடுப்பார். சற்று நேரம் கழித்து, உதவியவர் தனக்காக நீண்ட, அலுப்பான கேள்வித்தாளை நிரப்பித் தரக் கேட்பார். நன்றியுணர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் உழைத்தார்கள். முன்பின் தெரியாதவர் கேட்டபோதும் உதவினார்கள். உண்மையான நன்றி, தனக்குச் சிரமம் வந்தாலும் கைம்மாறு செய்யத் தூண்டுகிறது.

இந்த அளவுகோலைக் காவிரிக்கரையில் வைத்துப் பார்த்தாக வேண்டும். கொடுமுடிக்குச் சற்றுத் தெற்கே நொய்யல் காவிரியில் கலக்கிறது. திருப்பூர் சாயக்கழிவு அந்த ஆற்றை நஞ்சாக்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தேக்கமாக மாறி, கீழே உள்ள வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. உழவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றின் பெயரால் வழக்காடிய அந்த உழவர்கள் செய்ததும் நன்றிக்கடன்தான்.

படித்துறையில் கழற்றி விடும் பழந்துணி, பூஜைப் பொருள் கொண்டுவந்த பிளாஸ்டிக் கவர், ஷாம்பு உறை எல்லாம் நாம் இப்போது கும்பிட்ட அதே தண்ணீரில்தான் விழுகின்றன. மஞ்சளும் பூவும் கொடுத்த கையால் குப்பையையும் கொடுக்கிறோம். இந்த ஆடிக்கு வருபவர்கள் கொண்டுவந்த கவரையும் துணியையும் திரும்ப எடுத்துச் செல்லட்டும். பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது, யார் வெட்டிய வாய்க்காலில் நம் வயலுக்குப் பாய்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டட்டும். காவிரிக்குச் சொல்லும் நன்றி காவிரிக்கே நன்மையாகத் திரும்புமானால், அந்த வழிபாடு முழுமை பெறும்.