இலவசச் சரக்கின் விலை

ஒரு டஜன் சோப்புக்கு ஒன்று இலவசம் என்று கம்பெனிப் பிரதிநிதி சொன்னால், அந்த ஒன்றின் விலை எதில் ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் நம் வணிகப் பெருமக்கள் ஆர்டர் கொடுப்பார்கள். ஆனால் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நம் கடைக்குள் வந்தபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. காசு கேட்கவில்லை, எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் சில பொருளாதார அறிஞர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தனர். 2018-ஆம் ஆண்டு அந்நாட்டு இடைக்காலத் தேர்தலுக்கு முன், நான்கு வார காலம் பேஸ்புக்கை மூடி வைக்கச் சம்மதித்தவர்களுக்கு ஆளுக்கு 102 டாலர் கொடுத்தார்கள். ஆய்வு முடிவு 2020-இல் வெளியாயிற்று. மூடியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. அதில் ஒரு பகுதி தொலைக்காட்சிக்குப் போனது உண்மை. ஆனால் குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் நேரில் கழித்த நேரமும் கூடியது. மனநிறைவு சற்றே உயர்ந்தது. அரசியல் கொள்கைகள் பற்றிய கருத்துப் பிளவு குறைந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. இந்த நஷ்டத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. நான்கு வாரம் கழித்துத் திறந்துகொள்ளலாம் என்று விட்ட பிறகும், பழையபடி அவ்வளவு நேரம் அவர்கள் அதில் செலவழிக்கவில்லையாம்.

மளிகைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பை மூட முடியுமா? முடியாது. துண்டுச் சீட்டில் வந்த மாதச் சாமான் பட்டியல் இன்று அதில்தான் வருகிறது. மண்டியிலிருந்து பருப்பு விலையும் அதில்தான். ஆகவே இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கினாலும் கடை மூடுவதில்லை. சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் சோறு போட்டு வைத்துக் காத்திருப்பார்கள். இவர் எங்கோ ஒரு உறவினர் வாங்கிய புதுக் கார் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

கல்லாவிலும் அதே கதைதான். எந்த வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு, எந்தப் பெரியவருக்குச் சர்க்கரை நோய் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டுக்குத் தெரியாது. நம்மிடம் இருக்கும் பெரிய முதல் இதுதான் என்பது என் கருத்து. எதிரே பையோடு நிற்கும் அம்மாளைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு "என்ன வேணும்?" என்றால் அந்த முதலைத்தான் கரைக்கிறோம்.

கடன் பாக்கி விஷயம் இன்னும் மோசம். முன்பெல்லாம் பாக்கிக்காரரைத் தெருவில் பார்த்து, "என்ன அண்ணாச்சி, இந்தப் பக்கமே காணோம்" என்போம். அவரும் ஏதோ காரணம் சொல்லி, பாதியாவது தருவார். இப்போது செய்தி அனுப்புகிறோம். நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. மருத்துவமனையில் இருக்கிறாரோ, கூச்சமோ, நமக்குத் தெரியாது. கோபம் மட்டும் ஏறுகிறது. சிலர் பாக்கிக்காரரின் பெயரைக் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். அதன்பின் பணமும் வராது, மனிதரும் வரமாட்டார். பாக்கியை நேரில் கேளுங்கள். முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள்.

அந்த நீலக் குறி 2014-இல் வந்தது. வேண்டாம் என்றால் அமைப்புகளில் நிறுத்திவிடலாம். மற்றவர் பார்த்தாரா என்பதும் அப்போது நமக்குத் தெரியாது, அதுவும் நிம்மதிதான்.

வியாபாரத்துக்கென்று 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தனி எண்ணில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு எண் வேறு, கடை எண் வேறு என்றாகிவிடும். கடை மூடிய நேரத்துக்கு ஒரு பதிலை அதில் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரவு 9 மணிக்கு மேல் பட்டியல் அனுப்புகிறவருக்கு, "காலையில் சாமான் கட்டி வைக்கிறோம்" என்று அது தானே பதில் அனுப்பிவிடும்.