கருங்கரடி வாழும் காடுகள்



கரடி என்றதும் கரிய உருவமொன்று நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், உலகிலுள்ள எட்டு வகைக் கரடிகளுள் விலங்கியலார் கருங்கரடி எனப் பெயரிட்டு வழங்குவன இரண்டே. ஒன்று அமெரிக்கக் கருங்கரடி. மற்றையது ஆசியக் கருங்கரடி.

முன்னையது வட அமெரிக்காவுக்கே உரியது. வடக்கே அலாஸ்கா, கனடா தொடக்கம் தெற்கே மெக்சிக்கோ மலைக்காடுகள் வரையும், கிழக்கே புளோரிடாச் சதுப்புநிலங்களிலும் அது வாழ்கின்றது. பெயர் கருங்கரடியேயாயினும் கபில நிறத்தனவும் அவற்றுள் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்திலோ வெண்ணிறக் குட்டிகளும் பிறப்பதுண்டு.

ஆசியக் கருங்கரடியின் மார்பிலே பிறைமதி போன்ற வெண்குறி விளங்கும். ஈரானின் தென்கிழக்கிலிருந்து இமயச்சாரல், தென்கிழக்காசியா, சீனா, கொரியா, இரஷ்யாவின் தூரகிழக்கு, தாய்வான், யப்பான் வரை ஆங்காங்கே அது வாழ்கின்றது.

பனி மூடிய வடதிசையிலும் வெம்மைமிக்க சதுப்புநிலத்திலும் இவை வாழ்வது எங்ஙனம்? காடே அதற்கு விடை. கனியும் கொட்டையும் தளிரும் பூச்சியும் தேனும் இவற்றின் உணவு. ஆபத்து நேரின் மரமேறித் தப்பும். குளிர்காலத்தில் உணவு அருகுமிடங்களில் மரப்பொந்திலோ குகையிலோ உறங்கிக் காலங்கழிக்கும். எனவே, தட்பவெப்பம் எதுவாயினும் காடு வேண்டும்.

காடு குன்றினால் என்னாகும்? யப்பானின் சிக்கொக்குத் தீவில் அகன்ற இலை மரக்காடுகள் அழிக்கப்பட்டு, வெட்டுமரத் தோட்டங்கள் எழுந்தன. பட்டையை உரித்து மரங்களைக் கெடுக்கின்றதெனக் கரடியும் வேட்டையாடப்பட்டது. இன்று அங்கு எஞ்சியுள்ளவை இருபதளவே. கியூஷு தீவில் இவ்வினம் அற்றுப்போயிற்றென 2012இல் அறிவிக்கப்பட்டது.

மறுபுறம், அமெரிக்காவின் லூசியானாக் கருங்கரடி 1992இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் காடுகள் மீண்டும் வளர்க்கப்பட்டன. கரடிகள் பெருகவே, 2016இல் அது ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நம் இலங்கைக் கரடியும் கரியதே; எனினும் அது தேன்கரடி என்னும் வேறினம். வில்பத்து, யால முதலிய உலர்வலயக் காடுகளில் கரையான் புற்றைக் கிளறியும், பாலைப்பழத்தை விரும்பி உண்டும் வாழ்கின்றது. சில வேளைகளில் மனிதரைத் தாக்குவதால் கிராமத்தார் அதற்கு அஞ்சுவது இயல்பே. ஆயினும், காட்டிலே பாலை மரம் நிலைத்து நிற்கும்வரை கரடிக்கும் அங்கு இடமுண்டு. அம்மரம் வீழ்ந்தால், யப்பானியத் தீவுகளின் கதையே இங்கும் நிகழக்கூடும்.